விசுவாசமான ரசிகருக்கு ஒரு ஜெர்சி

தலைக்குச் சாயம் அடிக்கிற வயதுக்கு நாம் எல்லோரும் வந்துவிட்டோம். போன மாதம் நம் வகுப்புத் தோழி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், இலையை மூடிய பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ சிட்டி டீம்களின் பக்கம் போனது. டிக்கெட்டுக்காக வெயிலில் நின்றவர்கள், கேட்டில் தண்ணீர் பாட்டிலைப் பறிகொடுத்தவர்கள், தோற்றதைப் பார்த்துவிட்டுக் கும்மிடிப்பூண்டி ரயிலில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் அந்தப் பந்தியில் இருந்தீர்கள். "இத்தினி வருசம் தொண்ட கிழிய கத்தனோமே, டீமு நமக்கு இன்னா செஞ்சுது?" என்று ஒருவர் கேட்டார். உடனே இன்னொருவர் என்னைக் காட்டி, "இவங்களுக்கு செஞ்சுதே! இவங்க கைய புட்ச்சுகினுதான டீமே உள்ள எறங்குச்சு" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்க முடியவில்லை. அந்த வருடத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு காட்சிதான். மற்றதை இப்போது சொல்கிறேன்.

நாம் எட்டாவது படித்துக்கொண்டிருந்தோம். பொங்கல் முடிந்த கையோடு டிவியில் ஒரு புது வாலிபால் லீக் வந்தது. ஆறு நகரத்துக்கு ஆறு டீம். சிட்டி டீமுக்குக் கத்திரிப்பூ கலரில் ஜெர்சி. லீக் வந்த புதிதில் நம் பள்ளிக்கூடத்தில்கூட இரண்டு வாரம் அதைப் பற்றியே பேச்சு. பிறகு டீம் வரிசையாகத் தோற்க ஆரம்பித்தது, பேச்சும் நின்றுபோனது. ஆனால் எங்கள் ஊரில் ஒருவர் மட்டும் நிறுத்தவில்லை.

எங்கள் ஊரில் அப்போது பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளின் புகை நெற்பயிர்மேல் படியும். காலையில் பனியோடு சேர்ந்து வயல் முழுக்க ஒரு துரு வாசனை அடிக்கும். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு பொட்டல். அதில்தான் வாலிபால் கோர்ட். வலை கட்ட மூங்கில் நட்டு நட்டுச் சாய்ந்துகொண்டே இருந்ததால், காலனியில் இருந்த வெல்டர் ஒருநாள் தன் கம்பெனியில் கழித்துப்போட்ட இரண்டு பைப்பைக் கேட்டு வாங்கிவந்து, அடியில் தட்டு வைத்துப் பற்றவைத்து நிறுத்தினார். அதற்குப் பிறகு வலை சாயவில்லை.

வெல்டருடைய அம்மா எங்கள் நிலத்தில் நாற்று நட்டவர். வெல்டர் வயலில் இறங்கியதில்லை. பத்தாவது முடித்ததும் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டில் சேர்ந்துவிட்டார். கண் எப்போதும் சிவந்தே இருக்கும். எனக்கு அவர் அண்ணன் வயது, ஆனால் அண்ணா என்று கூப்பிடக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் நான் அவரைக் கூப்பிட்டதே கிடையாது. எதிரில் போய் நின்றால் அவராகவே "இன்னா பாப்பா?" என்பார்.

அவர் ஒன்றும் பெரிய ஆட்டக்காரர் இல்லை. சர்வீஸ் போட்டால் பந்து எங்கள் வயலில்தான் விழும். விதிகளும் அரைகுறைதான். எதிர் டீம் புள்ளி எடுத்தால் அம்பயர் துட்டு வாங்கிவிட்டான் என்பார். ஆனால் அந்தக் கத்திரிப்பூ டீம்மேல் அவருக்கு வந்த பைத்தியம் மாதிரி நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. வீட்டுச் சுவருக்கு அந்தக் கலரில் பெயின்ட் அடித்தார். டிவிஎஸ் வண்டிக்கும் அடித்தார். முந்தின கிறிஸ்துமஸுக்கு வாசலில் கட்டிய நட்சத்திரத்தைக் கழற்றவே இல்லை. உள்ளே கத்திரிப்பூ கலர் கண்ணாடித்தாள் ஒட்டி, டீம் ஆடுகிற நாளில் எல்லாம் எரியவிட்டார். அவருடைய மனைவி எஸ்டேட்டில் ஒரு பேக்கிங் கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். "ஊட்டுக்குள்ள வந்தா கண்ணு கூசுது. எம்மேல மட்டுந்தான் இன்னும் பெயின்ட் அடிக்கல" என்று தண்ணீர்க் குழாயடியில் சொல்லிச் சிரிப்பார்.

ஆட்டம் உள்ள சாயங்காலங்களில் வெல்டர் தன் டிவியை ஒரு தள்ளுவண்டியில் வைத்துக் கோர்ட்டுக்குக் கொண்டுவருவார். காலனி வீட்டிலிருந்து ஒயர் இழுத்திருப்பார். ஊர்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், காலனிப் பிள்ளைகள் ஒரு பக்கம் உட்காருவோம். யாரும் உட்காரச் சொல்லவில்லை, அப்படித்தான் உட்கார்ந்தோம். டீம் புள்ளி எடுத்தால் மட்டும் இரண்டு பக்கமும் எழுந்து கலந்துவிடும். என் அண்ணன் கூட்டிக்கொண்டு போவான் என்பதால் நானும் போவேன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஆட்டத்தைவிட, அங்கே வெல்டரின் மனைவி சுண்டலில் மாங்காய் கீறிப்போட்டுத் தருவதுதான் பிடிக்கும். வீட்டில் சொல்லாமல் சாப்பிடுவேன்.

வெல்டர் ஒரு கிலுக்கு செய்திருந்தார். இரண்டு முழ பைப்புக்குள் பழைய பேரிங் குண்டுகளைப் போட்டு இரண்டு முனையையும் பற்றவைத்து அடைத்தது. அதைத் தூக்கி ஆட்டினால் ரயில் போகிற மாதிரி சத்தம் வரும். முதல்முறை சிட்டிக்கு ஆட்டம் பார்க்கப் போனபோது அதை ஸ்டேடியம் கேட்டில் பிடுங்கி ஒரு மூலையில் போட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது கேட்டால் காணோம். மறுவாரம் புதிதாக ஒன்று செய்துகொண்டு போனார். அதையும் பிடுங்கினார்கள். அப்புறம் வெறும் வாயாலேயே கத்தினார். முகம் முழுக்கக் கத்திரிப்பூ கலர் பூசிக்கொண்டு, கூட வந்த காலனிப் பிள்ளைகளோடு ஒரு வெள்ளை வேட்டியில் எங்கள் ஊர்ப் பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பார். டீம் தோற்றதும் கேலரி காலியாகிவிடும். டிவிக்காரர்களுக்குக் காட்ட வேறு ஒன்றும் இருக்காது. அந்த வேட்டியைத்தான் காட்டுவார்கள்.

"தோத்துகினே கீற டீமுக்கு இன்னாத்துக்குப்பா கூவிகினு கீற?" என்று டீக்கடையில் யாரோ கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

வெல்டர் சொன்னார்: "பையன் பெயிலாயிட்டான்னா ஊட்ட வுட்டு தொரத்திடுவியா? அன்னிக்குத்தான் நைனா கூட நிக்கணும்."

அந்த வேட்டிதான் எல்லாவற்றையும் கொண்டுவந்தது. அப்போது என் அப்பா ஊராட்சித் தலைவர். எங்கள் வீட்டு டெலிபோனுக்கு ஒருநாள் டீம் ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. தோற்றாலும் விட்டுப்போகாத ரசிகர்கள் உங்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்களை கௌரவிக்க டீமின் முக்கிய ஆட்டக்காரரான ஸ்மாஷர் நேரில் வருகிறார், விசுவாசமான ரசிகர் ஒருவருக்கு ஜெர்சி தருவோம், அவர்தான் அடுத்த ஆட்டத்தில் டீமைக் கோர்ட்டுக்குள் அழைத்துப்போவார் என்று சொன்னார்கள்.

அப்பா வெல்டரைக் கூப்பிட்டனுப்பினார். வெல்டர் எங்கள் வாசலில் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும் அவர் அப்படியே மண்ணில் குந்திவிட்டார். தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயா, நம்ம தெருவுக்கு வராங்களா? அந்த ஒசரமான ஆளா? நெஜமாவா?"

"வராங்கடா. ஆனா ஒண்ணு யோசி. உங்க சந்துல வேன் போவுமா?"

"போவாதுங்க. முனையில நிறுத்திட்டு நடந்து..."

"வெளியூரு ஆளுங்க. வந்ததும் பாத்ரூம் கேப்பாங்க. ஏசில இருந்துட்டு வரவங்கள எங்கடா குந்த வைப்ப? மொதல்ல நம்ம ஊட்ல எறங்கட்டும். ரெண்டு வாய் டிபன் சாப்பிடட்டும். அப்பால நானே உங்க தெருவுக்கு கூட்டினு வரேன். சரியா?"

"நீங்க சொன்னா சரிங்கய்யா" என்றார் வெல்டர்.

அப்பா அன்றைக்கு வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. அவர் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. சந்து குறுகல்தான், சாக்கடை ஓடியதுதான். அந்தச் சந்துக்குச் சாலை போட வேண்டியவரே அவர்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவருக்கும் அன்றைக்கு ஞாபகம் வந்திருக்காது.

அந்த வாரம் முழுக்கக் காலனித் தெரு திருவிழா மாதிரி இருந்தது. பெண்கள் வேலைக்குப் போய்வந்த களைப்போடு சாணி தெளித்துக் கோலத்துக்கு இடம் ஒதுக்கினார்கள். பிள்ளைகளுக்குக் கத்திரிப்பூ கலர் காகிதத்தில் தொப்பி. வெல்டர் கம்பெனியில் லீவு போட்டுவிட்டார். நட்சத்திரத்தை இறக்கித் துடைத்து மறுபடி கட்டினார். தெரு முனையில் இரண்டு கம்பிகளை வளைத்து ஒரு வளைவு செய்து நிறுத்தினார். சுண்டலுக்குக் கடலை ஊறவைத்திருப்பதாக அவர் மனைவி என்னிடமே சொன்னார். எங்கள் வீட்டில் அம்மா பூரி, கிழங்கு, கேசரி என்று தயார்செய்தார். ஹாலில் சோபாவுக்குப் புது உறை போட்டார்.

வேன் வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. மதியம் தாண்டி வந்தது. வந்தவுடன் கரண்ட் போனது. அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கி எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரியும். அங்கே ராப்பகலாகக் கரண்ட் எடுத்துக்கொண்டிருந்தார்கள், எங்களுக்கு மட்டும் தினமும் கட். அப்பா ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். அதில் டீசல் போதாது. வாசலில் காத்துநின்ற வெல்டரைப் பார்த்து, "டேய், வண்டி வெச்சினு கீறியே, கவரப்பேட்டைக்கு ஓடிப் போய் டீசல் வாங்கினு வா. இங்க இவங்களுக்கு வேர்க்குது பாரு" என்றார். வெல்டர் உள்ளே ஒருமுறை எட்டிப்பார்த்தார். ஸ்மாஷர் எங்கள் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போனதைப் பார்த்தார். முகம் மலர்ந்து போயிற்று. "இதோ வந்துட்டேங்கய்யா" என்று கேனை எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஸ்மாஷர் பூரி சாப்பிட்டார். பாவம், அவருக்கு நம் மொழி தெரியாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கூட வந்த டீம் ஆபீஸ் பெண்மணி கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திருவள்ளூரில் இன்னொரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டுமாம். கேமராக்காரர், வெளிச்சம் போகிறது என்றார்.

"சார், அந்த லாயல் ஃபேன் யாரு? சீக்கிரம் முடிச்சிடலாம்" என்றார் அந்தப் பெண்மணி.

"வந்துருவான். இப்பத்தான் கடைக்கு அனுப்பனேன்" என்றார் அப்பா.

"வெய்ட் பண்ண முடியாது சார். நாங்க காக்களூர் வழியா போயி டவுனுக்குள்ள நுழையணும்." அவர் கண் ஹாலைச் சுற்றி வந்து என்மேல் நின்றது. அன்றைக்கு நான் பட்டுப்பாவாடை கட்டியிருந்தேன். "இது யாரு, உங்க பொண்ணா? கேமராவுக்கு ரொம்ப நல்லா இருப்பா. இவ மேட்ச் பாப்பாளா?"

அப்பா ஒரு கணம் சும்மா இருந்தார். அந்த ஒரு கணத்தை நான் நன்றாகப் பார்த்தேன். அவர் வாசல் பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், அவர் முகத்தில் மெதுவாக ஒரு பெருமை வந்தது.

"பாக்கறதாவது! ஒரு மேட்ச் வுட மாட்டாளே. கோர்ட்டுலயே கெடப்பா" என்றார்.

"டீம் பிடிக்குமா பாப்பா?" என்று அந்தப் பெண்மணி குனிந்து கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

ஜெர்சியைப் பாவாடைக்கு மேலேயே போட்டுவிட்டார்கள். பெரியவர்களுக்கான அளவு. என் முழங்காலைத் தொட்டது. புதுத் துணியின் கஞ்சி வாசனையும் பிளாஸ்டிக் கவர் வாசனையும் கலந்து அடித்தது. ஸ்மாஷர் என் தோளில் கை வைத்தார். அந்தக் கை முறம் அளவு இருந்தது. படம் எடுத்தார்கள். அப்பா ஒரு படத்தில், அம்மா ஒரு படத்தில், அண்ணன் எல்லாப் படத்திலும். பிறகு எல்லோரும் வேனில் ஏறினார்கள்.

"தெருவுக்கு ஒரு நடை..." என்று அப்பா ஆரம்பித்தார். அதை அவர் சொன்னார், சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண்மணி, "நெக்ஸ்ட் டைம் சார்" என்றார். வேன் திரும்பிவிட்டது.

அது போன புழுதி அடங்குவதற்குள் வெல்டர் வந்துவிட்டார். வண்டியின் முன்னால் டீசல் கேன். சட்டையெல்லாம் டீசல் வாசனை. வேன் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாசலில் அந்த ஜெர்சியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அப்பாதான் பேசினார். "அவசரமா கெளம்பிட்டாங்கடா. கொழந்தைக்குத்தான் குடுப்பேன்னு அந்தம்மா ஒரே புடியா நின்னுட்டாங்க. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல."

வெல்டர் கேனைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "நல்லாக்குது பாப்பா" என்றார். கைகூடத் தட்டினார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வேன் போன திக்கில் வேகமாகப் போனார்.

ஹைவே வரைக்கும் துரத்திப் போனாராம். வேன் கண்ணாடிக்குள்ளிருந்து ஸ்மாஷர் தனக்குக் கை காட்டியதாகக் காலனியில் போய்ச் சொன்னாராம். காட்டினாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பொழுது சாயும்வரை அந்தத் தெருப் பிள்ளைகள் காகிதத் தொப்பியோடு வளைவுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன்.

அடுத்த ஆட்டத்துக்கு நாங்கள் காரில் சிட்டிக்குப் போனோம். டீம் கொடுத்த பாஸ் எல்லாம் எங்கள் பெரியப்பா வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் போயிருந்தது. வெல்டரும் அவர் ஆட்களும் வழக்கம்போல ரயிலில் வந்து டிக்கெட் வாங்கி மேலே கடைசி வரிசையில் நின்றார்கள். நான் ஸ்மாஷரின் கையைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்குள் நடந்தேன். ரப்பர் தரை காலுக்கடியில் மெத்தென்று இருந்தது. அப்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. அவ்வளவு கூட்டத்திலும் அது தனியாகக் கேட்டது.

"எங்க ஊரு பொண்ணு! டேய், எங்க ஊரு பொண்ணுடா!"

நிமிர்ந்து பார்த்தேன். கத்திரிப்பூ கலர் முகம். வேட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லோரும் குழந்தைக்கு வெட்கம் என்றுதான் நினைத்திருப்பார்கள். வெட்கம்தான். ஆனால் அவர்கள் நினைத்தது வேறு.

அன்றைக்கு டீம் ஜெயித்தது. அந்த வருடத்தின் முதல் வெற்றி.

அதற்குப் பிறகு வெல்டர் என்னை எங்கே பார்த்தாலும், "பாப்பா கால் வெச்சுது, டீம் கெலிச்சுது" என்று நாலு பேர் கேட்கச் சொல்வார். கோர்ட்டில் டிவிக்கு முன்னால் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். மற்றவர்கள் மண்ணில் உட்கார, நான் நாற்காலியில். இரண்டு நாள் போய் உட்கார்ந்தேன். அப்புறம் பரீட்சை, தலைவலி என்று காரணம் சொல்லிப் போகாமல் இருந்தேன். நாற்காலி காலியாகவே இருக்கும், வேறு யாரையும் உட்காரவிட மாட்டார் என்று அண்ணன் வந்து சொல்வான்.

பங்குனி வெயில் ஏறிய ஒரு மதியம், வெல்டரின் மனைவி எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தார். அம்மா மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஷூவுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஒரு ஒதவி" என்றார். எப்போதும் குழாயடியில் கணீரென்று கேட்கிற குரல் அன்றைக்குத் தணிந்திருந்தது.

"இன்னாடி?"

"அந்த ஜெர்சிய ஒருதபா குடுத்தீங்கன்னா, அவரு போட்டுகினு ஒரு போட்டோ புடிச்சிட்டு, தொவச்சு சாயங்காலமே குடுத்துடறேன். வாயத் தொறந்து கேக்கல அவரு. நான் கேக்க வந்ததுகூட அவருக்கு தெரியாது. ஞாயித்துக்கெழம கோயிலுக்கு எதிர போட்டோ ஸ்டுடியோல சொல்லி வெச்சுக்கீறேன். வேற ஒண்ணும் வேணாம்மா. போட்டோ மட்டும்."

அம்மா மிளகாயை விரலால் பரப்பினார். எனக்கு அம்மாவைத் தெரியும். இல்லை என்று நேரே சொல்ல வராது அவருக்கு. அந்தத் துணி அந்த வீட்டு உடம்பில் ஏறி, மறுபடி நம் வீட்டுக்குள் வருவதை அவரால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. அதையும் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

"பீரோவுல வெச்சு பூட்டிட்டாருடி அவரு. சாவியும் அவருகிட்டதான் கீது. ஊருக்குப் போயிருக்காரு" என்றார்.

வெல்டரின் மனைவி நிமிர்ந்தார். அம்மாவின் தலைக்கு மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். கொடியில் அண்ணனின் பனியனுக்கும் ஒரு துண்டுக்கும் நடுவில் அந்த ஜெர்சி காய்ந்துகொண்டிருந்தது. காலையில்தான் அம்மா துவைத்துப்போட்டிருந்தார். காற்றில் அதன் கை இரண்டும் ஆடியது.

அம்மாவும் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி மிளகாயைப் பார்த்தார்.

"சரிம்மா" என்றார் வெல்டரின் மனைவி.

"இரு, இட்லி மாவு கீது, ஒரு கிண்ணம் எடுத்துனு போ."

"வேணாம்மா. ஊட்ல நாஷ்டா ஆயிப்போச்சு."

பின்வாசல் படலை அவர் சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு பதமாகச் சாத்திவிட்டுப் போனார். எனக்குக் கொடியில் இருந்ததை உருவி எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும் போல் இருந்தது. கையெல்லாம் சுண்ணாம்பு. எழுந்து நின்றேன். "எங்கடி?" என்றார் அம்மா. உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு குழாயடியில் அவர் என்னோடு பேசுவதில்லை. கோபமாகவும் இருப்பதில்லை. என் குடத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார், அவ்வளவுதான். அந்த ஜெர்சியை நான் பிறகு போடவே இல்லை. இரண்டு வருடத்தில் அது அப்பாவின் ஸ்கூட்டரைத் துடைக்கிற துணியாகி, அப்புறம் எங்கேயோ போய்விட்டது.

டீமும் போய்விட்டது. லீக் முடிந்த சில மாதத்தில், முதலாளிக்கு நஷ்டமாம், டீமை வேறு ஊருக்கு விற்றுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஊர் வேறு, பெயர் வேறு, கலரும் வேறு. தோற்றபோதெல்லாம் அந்த வேட்டியைக் காட்டிப் பிழைத்த டிவியில், ரசிகர்களுக்கு நன்றி என்று ஒரு வரி ஓடியதாம், அவ்வளவுதான். நான் அதைப் பார்க்கவில்லை. அந்த டீமை நான் நினைத்தே பல நாள் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டு ஏதோ சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் வெல்டர் குரல் கேட்டது. கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தார். தோளில் டிபன் பை, சட்டை முழுக்கத் தீப்பொறி பட்ட பொத்தல். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, டீம வித்துட்டாங்களாம்" என்றார்.

"ஆமாண்டா, கேள்விப்பட்டேன். இன்னா இப்போ? நம்ம நெலமா போச்சு?"

"அதில்லீங்க. பாப்பா எப்பிடி கீது? அழுதுச்சா?"

அப்பாவுக்குப் புரியவில்லை. "எதுக்கு அழணும்?"

"இல்லீங்க. அது டீம கைய புட்ச்சு உள்ள கூட்டினு போன கொழந்த. மனசு தாங்காது. எனக்கே காலைலேர்ந்து ராடு புடிக்க கை வரல. அதான், ஒரு வார்த்த சொல்லிட்டு போலாம்னு வந்தேன்."

அம்மா சமையலறையிலிருந்து எட்டி என்னிடம் சாடை காட்டினார். போய் நில் என்று. நான் கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு வாசலுக்குப் போனேன். வெல்டரின் கண் எப்போதையும்விடச் சிவந்திருந்தது. வெல்டிங் சிவப்பா, அழுத சிவப்பா என்று சொல்ல முடியவில்லை. அவர் படியேறவில்லை. கீழேயே நின்று, என் முகத்தைப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் குனிந்தார்.

"வுடு பாப்பா" என்றார். "அவங்களுக்கு டீம நடத்த தெரில, போய்ட்டாங்க. இதுக்கெல்லாம் பேஜாராவக் கூடாது. சோறு தின்னியா?"

எனக்கு முதல்முறையாக அவரைக் கூப்பிட வாய் வந்தது. அண்ணா என்று ஆரம்பித்தேன். அந்த ஒரு சொல் தாண்டி ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது. நிறுத்த முடியாத அழுகை. வாயைப் பொத்திக்கொண்டு விம்மினேன். அப்பா பேப்பரைத் தாழ்த்தி என்னையே பார்த்தார். அவருக்கு அன்றைக்காவது ஏதாவது தெரிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

வெல்டர் என்னைத் தொடவில்லை. கையை என் தலைப்பக்கம் கொண்டுவந்து, அப்பாவைப் பார்த்து, எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் முகம் தெளிந்துவிட்டது. காலையிலிருந்து தனியாகச் சுமந்ததை இன்னொருவரும் சுமக்கிறார் என்று தெரிந்தால் வருகிற தெளிவு அது.

"பாத்தீங்களாய்யா" என்றார் அப்பாவிடம். "இந்த ஊர்ல என்ன மாரியே பாப்பாவும் அந்த டீமுக்கு உசுருங்க."

டிபன் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு அவர் காலனிப் பக்கம் நடந்து போனார்.